எனக்கு அடித்த மணி

ஜனவரி இருபத்தேழாம் தேதி பகல் பன்னிரண்டரை மணிக்கு எங்கள் கோயிலில் எனக்காகத் துக்க மணி அடித்தார்கள். நான் படிக்கப் போயிருந்த அபர்டீனில் அப்போது காலை ஏழு மணி. நான் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தவர் உபதேசியார் ஜேசுபாதம். அவரிடம் போய்ச் சொன்னது அல்போன்சா மாமி. எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருப்பவள். ஜெஸ்லினின் அம்மா. அபர்டீனில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஜெஸ்லின்.

நான் வேலை செய்த மீன் தொழிற்சாலையிலிருந்து அப்பாவுக்குப் போன் வந்திருந்தது. பேசியவர் தமிழர். உங்கள் மகள் வேலைக்கு வரும் வழியில் பனியில் வேன் சறுக்கி மோதிவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே உயிர் போய்விட்டது என்று அழுதுகொண்டே சொன்னாராம். போலீஸ் சொல்வதற்கு முன் தமிழில் ஒருவர் சொன்னால் தேவலை என்று அவர் நினைத்திருக்கிறார். அப்பா போனைக் கையில் வைத்தபடி வாசலில் உட்கார்ந்துவிட்டார். அம்மா என் எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்தாள். என் போன் சைலண்டில் இருந்தது.

அடுத்த மூன்று மணி நேரம் எங்கள் வீட்டை நடத்தியது மாமிதான். துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பதால் தன் வீட்டுக் குசினியில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தாள். அம்மாவை மடியில் சாய்த்துக்கொண்டாள். காசிலிங்கம் அண்ணாச்சி கடையில் மெழுகுவர்த்தி வாங்கி வரச் சொன்னாள். நடுநடுவே ஜெஸ்லினுக்கும் போன் போட்டாள். பதினொரு தடவை.

"எம்மவ எடுக்க மாட்டேங்கா. ஆஸ்பத்திரியிலதான் நிப்பா. விஜியத் தனியா விட்டுட்டு வந்திருக்க மாட்டா" என்று எல்லாரிடமும் சொன்னாளாம்.

நான் எழுந்தபோது மணி ஒன்பது. நாற்பத்தோரு தவறிய அழைப்புகள். பதறிப்போய் வீட்டுக்கு அடித்தேன். என் குரலைக் கேட்டதும் அம்மா போனைக் கீழே போட்டுவிட்டாள். மாமிதான் எடுத்தாள்.

"யாரு பேசுதது?"

"விஜி, மாமி. அம்மாவுக்கு என்ன?"

"மாதாவே!" என்று மாமி கத்தினாள். "விஜி இருக்காளா! ஏளா, விஜி உசிரோட இருக்கா!" போனுக்குள்ளேயே அழுகை சிரிப்பாக மாறுவதைக் கேட்டேன். யாரோ கை தட்டினார்கள். மாமி முழங்காலில் நின்று ஜெபம் சொல்லும் சத்தம் கேட்டது. பிறகு போன் மறுபடி அவள் காதுக்கு வந்தது.

"அப்ப ஜெஸ்லின் எங்கனளா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் படுக்கை மடித்திருந்தது. கதவுக்குப் பக்கத்தில் என் பேட்ஜ் தொங்கும் ஆணி வெறுமையாக இருந்தது.

"தெரியலை மாமி" என்றேன்.

தெரிந்துவிட்டிருந்தது.

*

நானும் ஜெஸ்லினும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே கல்லூரியில் விலங்கியல். கடல் உயிரியலில் மேற்படிப்புக்கு இரண்டு பேருக்கும் ஒரே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது அவள் சொன்னாள்: "நீ படி. நான் பேசுதேன். ரெண்டு பேரும் பாஸாயிருவோம்."

அது விளையாட்டுப் பேச்சு இல்லை. எனக்குப் பேச வராது. தெரியாதவரின் முகத்தைப் பார்த்தால் தொண்டை அடைத்துவிடும். போன் என்றால் இன்னும் மோசம்.

படிக்க வந்தவர்கள் வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை செய்யலாம். வேலை கிடைக்க வேண்டும். செப்டம்பரிலிருந்து இரண்டு பேரும் சான்றிதழ்களை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறினோம். காப்பிக் கடைக்காரர் முன் அனுபவம் கேட்டார். முதியோர் இல்லத்தில் கார் ஓட்டத் தெரியுமா என்றார்கள். ஓர் இந்திய ஓட்டலின் முதலாளி எங்கள் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு படிச்சவங்க தட்டு கழுவுனா தட்டு உடையும்" என்றார்.

வெளியே வந்ததும் ஜெஸ்லின், "ஓங்கிப் போட்டாத்தான் உடையும்னு சொல்லியிருக்கணும்" என்றாள்.

நவம்பரில் ஓர் ஏஜென்சியிலிருந்து என் எண்ணுக்கு அழைப்பு வந்தது. துறைமுகத்துப் பக்கம் மீன் தொழிற்சாலை. காலை ஷிப்ட். போனிலேயே நேர்முகத் தேர்வு. நான் எடுக்காமல் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். ஜெஸ்லின் பிடுங்கிக்கொண்டாள்.

"யெஸ், விஜிலா ஸ்பீக்கிங்" என்றாள், என்னைப் பார்த்துக் கண்ணடித்து.

குளிரில் நிற்க முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றாள். மீன் வாடை பிடிக்குமா என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் ஜன்னலைத் திறந்தாலே அதுதான் என்றாள். அந்தப் பக்கம் சிரித்தார்கள். வேலை என் பெயருக்கும் அவள் குரலுக்கும் கிடைத்தது.

அவளும் விண்ணப்பம் போட்டாள். அதற்குள் மாணவர்களை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். "ஒரு வேலைய ரெண்டா வெட்டிக்கிடுவோம்" என்றாள். "இவ்வளவு தூரம் வந்து மீன்தான் வெட்டப்போறோம்னா நம்ம திரேஸ்புரத்துலயே வெட்டியிருக்கலாம்லா?"

பேட்ஜில் படம் கிடையாது. பெயரும் எண்ணும் மட்டும். உள்ளே போனால் தலைக்கு வலை, வாய்க்கு மாஸ்க், நீலக் கையுறை. கண் மட்டும்தான் தெரியும். திங்கள், புதன் நான். செவ்வாய், வியாழன் அவள். இரண்டு போனிலும் என் பெயரில் அதே ஆப். முந்தின நாள் மத்தியானம் ஷிப்ட் வேண்டுமா என்று கேட்கும். பச்சையை அழுத்தினால் சரி, சிவப்பை அழுத்தினால் இல்லை.

எங்கள் மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். சிவம் அண்ணன் என்று கூப்பிடுவோம். ஒரு புதன்கிழமை என்னைப் பார்த்து, "என்ன பிள்ளை, நேற்று ஊரையே கூட்டிக் கதைச்சீர். இண்டைக்கு வாயைக் காணேல்ல?" என்றார். இரண்டு ஆள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர்தான் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தவர். பதிவில் இருந்த எண் என் அப்பாவுடையது.

*

ஜனவரி இருபத்தேழு என் நாள். நாலரை மணிக்கு அலாரம் அடித்தது. ஜன்னல் விளிம்பில் ஒரு விரற்கடை உயரத்துக்குப் பனி. காய்ச்சல் அடிக்கிறது என்று சொன்னேன்.

ஜெஸ்லின் எழுந்து வந்து என் நெற்றியில் கை வைத்தாள். முகம் கழுவிய கை, ஈரம் காயவில்லை. குளிர்ந்த கைக்கு எந்த நெற்றியும் சுடும். "ஆமா, சுடுது" என்றாள்.

மேஜை இழுப்பறையில் தெர்மாமீட்டர் இருந்தது. அவள் எடுக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆப்பில் உடல்நலமில்லை என்று போட்டிருக்கலாம். போட்டால் அடுத்த வாரம் ஷிப்ட் குறைப்பார்கள் என்ற பயம். "நான் போறேன். நீ கெட" என்றாள். ஆணியிலிருந்து பேட்ஜை நான்தான் எட்டி எடுத்தேன். படுத்தபடியே அவள் கழுத்தில் மாட்டினேன். அவள் குனிந்துகொடுத்தாள். பின்னல் நாடாவில் சிக்கியது. அதை விடுவித்துவிட்டேன்.

அவள் போனதும் கால்மாட்டில் கிடந்த அவள் போர்வையையும் இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

ஒன்பதரைக்குப் போலீஸ் வந்தது. ஒரு பெண் அதிகாரி. எனக்குத் தேநீர் போட்டுக்கொடுத்தார். மெதுவாகத்தான் கேட்டார். உங்கள் பேட்ஜ் அவரிடம் எப்படிப் போனது?

பேட்ஜைக் கைமாற்றுவது குற்றம். விசா போகும். படிப்பு போகும். அதையெல்லாம் அந்த நொடியில் யோசித்தேனா என்று நினைவில்லை. தொண்டை அடைக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

"எனக்குத் தெரியாது. நான் தூங்கும்போது எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்" என்றேன்.

தெரியாத ஒருவரிடம் நான் தடுமாறாமல் சொன்ன முதல் ஆங்கில வாக்கியம் அது. அவர் எழுதிக்கொண்டார்.

வீட்டில் வேறு மாதிரிச் சொன்னேன். ஆபீசில் அட்டை மாறிப்போய்விட்டது என்று. அம்மா தெரு முழுக்க அதைச் சொன்னாள். பிப்ரவரியில் ஜெஸ்லின் பெட்டியில் வந்தாள். நான் வரவில்லை. பரீட்சை என்றேன். அவள் சாமான்களையெல்லாம் பெட்டிக்குள்ளேயே வைத்து அடக்கம் செய்துவிட்டதாக அம்மா போனில் சொன்னாள். மணி அடித்தார்களா என்று கேட்டேன்.

"அதான் அன்னைக்கே அடிச்சாச்சே. ரெண்டு தடவ அடிக்கணுமான்னு உபதேசியாரு கேட்டாரு. அல்போன்சாவும் பேசாம இருந்துட்டா" என்றாள் அம்மா.

*

ஜூனில் ஊருக்கு வந்தேன். வகுப்புகள் முடிந்துவிட்டன. ஆய்வறிக்கையை வீட்டிலிருந்தே எழுதி ஆகஸ்டில் கொடுக்கலாம். கொடுத்தால் பட்டம்.

தெருவில் எல்லாரும் என்னைத் தொட்டுப் பார்த்தார்கள். சாகாத ஆளுக்குச் சாவுச் செய்தி வந்தால் ஆயுசு கெட்டி என்பார்கள். ஒருத்தி தன் கைக்குழந்தையை என் மடியில் வைத்து எடுத்துக்கொண்டாள். காசிலிங்கம் அண்ணாச்சி கடையில் சோப்பு வாங்கப் போனால், "வாம்மா, பரலோகத்துல இருந்து இப்பதான் வாறியா?" என்றார். "ஒனக்கு வாங்குன மெழுகுவர்த்தில ரெண்டு பாக்கெட்டு திரும்பி வந்துட்டு. நான் வித்துட்டேன். கோவிச்சுக்கிடாத."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வந்த முதல் நாள் மாலை ஆறு மணிக்கு ஆப்பில் செய்தி வந்தது. நாளை காலை ஆறிலிருந்து பத்து வரை ஷிப்ட். ஜனவரிக்குப் பிறகு நான் எல்லாவற்றுக்கும் சிவப்பையே அழுத்தியிருந்தும் என் பெயரை ஏஜென்சி நீக்கியிருக்கவில்லை. என்மேல்தான் தவறில்லையே. நான் போனைத் தொடவில்லை. பத்து வினாடி கழித்து அந்தச் செய்தி பச்சையானது.

ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஏதோ சர்வர் கோளாறு என்று நினைத்தேன். மறுநாளும் ஆறு மணி. ஒருநாள் எட்டு வினாடி. ஒருநாள் பதினைந்து. கோளாறு என்றால் ஒரே அளவாக இருக்கும். இது ஒரு கையின் வேகம். கைக்கு மட்டுமே இப்படிக் கூடிக் குறையும்.

அந்தக் கணக்கு திறந்திருந்த இன்னொரு போன் ஜெஸ்லினுடையது. அது மண்ணுக்குள் இருந்தது.

நான் அறிவியல் படித்தவள். மண்ணுக்குள் பேட்டரி நாலு மாதம் நிற்காது என்று தெரியும். இருந்தும் ஆறு மணியானால் மாடிக்குப் போய்விடுவேன். உப்பளத்துப் பக்கம் உப்பு வெள்ளையாகக் குவிந்திருக்கும். அதைப் பார்க்காமல் துறைமுகத்துப் பக்கம் திரும்பி நிற்பேன். கை சில்லிடும். ஜூன் மாத வெயில் சுவரில் இன்னும் சுட்டுக்கொண்டிருக்கும். ஏற்றுக்கொண்ட ஷிப்டுக்கு ஏன் வரவில்லை என்று ஏஜென்சியிலிருந்து மெயில்கள் வந்தன. பாஸ்வேர்டை மாற்ற ஒரு நிமிஷம் போதும். மாற்றவில்லை. மாற்றினால் அவள் கதவுக்கு வெளியே நிற்பாள் என்று தோன்றியது.

பன்னிரண்டு நாள் மாமி வீட்டுக்குப் போகவில்லை. அந்தப் பக்கம் போகவேண்டியிருந்தால் பின் தெருவைச் சுற்றிப் போனேன். பதிமூன்றாம் நாள் அம்மா வந்து சொன்னாள்.

"அல்போன்சாவுக்கு அங்கேருந்து ஒரு கடுதாசி வந்திருக்காம். இங்கிலீஷ்ல இருக்கு. நீ வந்து படிச்சுச் சொல்லணுமாம்."

"சாமியார்ட்ட கொடுக்கலாம்லா?"

"நீதான் வேணுங்கா. போயிட்டு வந்துரு. எத்தன நாளைக்கு மூஞ்சியக் காட்டாம இருப்ப? ஒனக்காகக் கஞ்சி காய்ச்சுனவ அவ."

*

மாமி வீட்டில் அவள் மட்டும்தான். மாமா கப்பலில் இருக்கிறார். அடக்கத்துக்கு வந்துவிட்டு மறுபடி ஏறிவிட்டார். வேறு பிள்ளை இல்லை.

"வா விஜி. உக்காரு. மெலிஞ்சிட்டியேளா" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். என் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சுவர்ப் பலகையில் குருசு, அதற்குக் கீழே ஜெஸ்லின் படம். மாமி உறையை என்னிடம் நீட்டினாள். பிரித்திருந்தது.

"அவகூட இருந்தவ நீ. நீ படிச்சாத்தான் அவளே சொல்லுத மாதிரி இருக்கும்."

போலீஸ் அனுப்பியது. விசாரணை முடிந்துவிட்டது என்று குடும்பத்துக்குத் தெரிவிக்கும் கடிதம். இரண்டு பக்கம். நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். காலை ஐந்து இருபதுக்கு. சாலையில் உறைபனி. ஓட்டுநர் குடித்திருக்கவில்லை. வேகம் அதிகமில்லை.

இரண்டாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. இறந்தவர், தன் அறைத் தோழி தூங்கும்போது, அவருக்குத் தெரியாமல் அவருடைய பேட்ஜை எடுத்துச் சென்று, அவர் பெயரில் அனுமதியின்றி வேலை செய்துவந்ததாக அறைத் தோழியின் வாக்குமூலத்திலிருந்து தெரிகிறது.

என் கண் அதைத் தாண்டியது. வாயும் தாண்டியது. "உடைமைகள் குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டன. மேல் நடவடிக்கை இல்லை" என்று முடித்தேன்.

மாமி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சத்தம் போட்டாளான்னு ஒண்ணும் போடலையா?"

"இல்லை மாமி. உடனே போயிருக்கும்."

"அட்டை மாறுனதப் பத்தி?"

"அதுவும் ஒண்ணும் இல்லை."

"அவங்க தப்ப அவங்க எப்படிப் போடுவாங்க" என்றாள் மாமி.

கடிதத்தை மடித்தேன். மடிப்பு சரியாக வரவில்லை. இரண்டு தடவை மடித்தேன்.

அப்போது பலகையில் மணி ஒலித்தது. ஒரே ஒரு கணீர். என் கைப்பையிலும் அதே ஒலி. குருசுக்குக் கீழே, படத்துக்குப் பின்னால், வெளிச்சம் வந்தது. மாமி எழுந்து போனாள். படத்தை நகர்த்தி, சார்ஜ் வயரோடு ஒரு போனை எடுத்தாள். கண்ணாடியின் ஓரத்தில் வெடிப்பு. பின்னால் சிப்பி ஸ்டிக்கர். ஜெஸ்லினுடையது.

மாமி அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். பிறகு கட்டைவிரலால் பச்சையை அழுத்தினாள்.

"பெட்டிக்குள்ள வைக்க மனசு வரல" என்றாள், என் பார்வையைக் கண்டு. "துணிமணியெல்லாம் வச்சுட்டோம். இத மட்டும் எடுத்துக்கிட்டேன். ரெண்டு வாரம் முன்னால சார்ஜ் போட்டதும் தானா நெட்டு வந்துட்டு. அவ இங்கன இருக்கும்போது போட்டு வச்சது. தெனம் ஆறு மணி ஆனா அங்கேருந்து கேக்காங்க."

"என்ன கேக்காங்க மாமி?"

"எனக்கு என்ன தெரியும். பச்ச ஒண்ணு இருக்கு, சிவப்பு ஒண்ணு இருக்கு. யாரோ அவளத் தேடுதாங்க. வரமாட்டான்னு எப்படிச் சொல்ல? அதான், வாரேன்னு சொல்லுதேன்."

போனை மறுபடி படத்துக்குப் பின்னால் வைத்தாள். வயரைச் சரிசெய்தாள்.

நான் மடித்த கடிதத்தைப் பிரித்தேன்.

"மாமி, ஒரு வரிய விட்டுட்டேன்."

படித்தேன். ஒரு சொல்லையும் விடாமல் தமிழில் சொன்னேன். தெரியாமல். எடுத்துச் சென்று. அனுமதியின்றி. மாமி நின்றபடியே கேட்டாள்.

"அறைத் தோழின்னா?"

"நான்தான்."

"அவ களவாண்டுட்டுப் போனாளா?"

"இல்ல மாமி. பொய். அன்னைக்கு என் முறை. பனி பெய்யுது, போகப் பிடிக்கல. காய்ச்சல்னு சொன்னேன். காய்ச்சல் இல்ல. நான்தான் அவ கழுத்துல மாட்டிவிட்டேன். போலீஸ் கேட்டப்போ விசா போயிரும்னு பயந்து இப்படிச் சொன்னேன்."

மாமி அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பலகையைக் காட்டினாள்.

"அப்ப அதுல யாரக் கேக்காங்க?"

கடிதத்தை மடியில் வைத்தேன்.

"என்னைத்தான் மாமி. அது வேலைக்குக் கூப்பிடுதது. என் பேர்ல."

"அவள யாரும் தேடலையா?"

"இல்ல மாமி."

மாமி அழுதாள். என் முன்னால் அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். சத்தம் இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. நான் எழுந்து பக்கத்தில் போனேன். "தொடாத" என்றாள்.

வெளியே மீன்காரி ஒருத்தி சைக்கிளில் கூவிக்கொண்டு போனாள். அந்தக் குரல் தெருமுனை தாண்டும்வரை மாமி அப்படியே இருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"எழுது. இப்ப என்கிட்ட சொன்னத அவங்களுக்கும் சொல்லு. எம்மவ களவாணின்னு ஒரு தாள் உலகத்துல இருக்கக் கூடாது."

"எழுதுதேன் மாமி."

"இங்கன உக்காந்து எழுது."

கடிதத்தின் அடியில் மெயில் முகவரி இருந்தது. என் போனிலேயே எழுதினேன். பதினோரு வாக்கியம். ஆய்வறிக்கையில் எழுதுவதுபோல, நடந்தது நடந்த வரிசையில். எழுதியதை மாமிக்குத் தமிழில் சொன்னேன். காய்ச்சல் இல்லை என்ற இடத்தில், "தெர்மாமீட்டர் இருந்திச்சா?" என்று கேட்டாள். இருந்தது என்றேன். "அதையும் போடு" என்றாள். பன்னிரண்டு வாக்கியம்.

அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆகஸ்டில் கொடுக்க வேண்டிய அறிக்கை, நூற்றுப் பத்துப் பக்கம், வீட்டில் மேஜை மேல் இருந்தது. அனுப்பினேன்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பியாச்சு."

மாமி ஜெஸ்லினின் போனை எடுத்து என் கையில் கொடுத்தாள். "இதுக்கும் பதில் சொல்லிரு. நான் ரெண்டு வாரமா வாரேன் வாரேன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். பாவம், அங்க யாரோ காத்துக்கிடப்பாங்க."

ஏற்றுக்கொண்டதை ரத்து செய்தேன். காரணம் கேட்டது. மூன்று கட்டங்கள். உடல்நலமில்லை. பயணம். வேறு. முதல் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். மூன்றாவதைத் தொட்டு, இந்தப் பெயரில் இனி யாரும் வரமாட்டார்கள் என்று எழுதினேன். கணக்கை மூடினேன். திரை அணைந்தது. வெடிப்புக்குள் என் முகம் தெரிந்தது.

மாமி முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "எந்திரி. கோயிலுக்குப் போவோம்."

*

உபதேசியார் ஜேசுபாதம் கோயில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். மாமி போய் நின்றாள்.

"உபதேசியாரே, துக்க மணி அடிக்கணும்."

அவர் துடைப்பத்தைக் கீழே வைத்தார். "யாருக்கும்மா?"

"ஜெஸ்லினுக்கு."

"அதான் அன்னைக்கே அடிச்சாச்சேம்மா."

"அன்னைக்கு நான்தான வந்து சொன்னேன். விஜிலாவுக்குன்னு சொன்னேன். நீரும் விஜிலாவுக்குன்னு நெனச்சுத்தான அடிச்சீரு?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "ஆமா."

"அப்ப எம்மவளுக்கு இன்னும் அடிக்கல."

அவர் கயிற்றை அவிழ்த்தார். முதல் அடிக்கு மணிக்கூண்டிலிருந்து புறாக்கள் கிளம்பின. ஒவ்வொரு அடிக்கும் நடுவே வெகு நேரம் விட்டு அடித்தார். மாமி உதடு மட்டும் அசைந்தது. என் எலும்புக்குள் ஏதோ ஒன்று அந்தச் சத்தத்தை முன்பே கேட்டிருந்ததுபோல அதிர்ந்தது. ஜனவரியில் நான் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசி அடி அடங்கியதும் மாமி வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"பதில் வந்தா வந்து படிச்சுச் சொல்லு. வேற எதுக்கும் வராத."

அவள் முன்னால் போனாள். அவள் தன் வீட்டுக்குள் நுழையும்வரை நான் நின்றுவிட்டு நடந்தேன். அன்று பின் தெருவைச் சுற்றவில்லை. தெரு முழுக்க ஆட்கள் வாசலுக்கு வந்திருந்தார்கள். யாருக்கு, யாருக்கு என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காசிலிங்கம் அண்ணாச்சி கடையை விட்டு இறங்கி ரோட்டில் நின்றார்.

"ஏம்மா, கோயில்ல இருந்துதான வாற? மணி யாருக்கு?"

"ஜெஸ்லினுக்கு அண்ணாச்சி."

"அந்தப் பிள்ளைக்கா? அதுக்குத்தான் ஜனவரியிலேயே அடிச்சாங்களே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தொண்டை அடைக்கவில்லை.

"இல்ல அண்ணாச்சி" என்றேன். "அது எனக்கு அடிச்சது."